விரலுக்குத் தெரிகிற வரைக்கும்

பூச்சியின் வாலில் இருந்த கொக்கிகளை நகத்தால் கிள்ளி எறிந்துவிட்டு, தலைக்குப் பின்னால் இருக்கும் கெட்டி ஓட்டுக்கடியில் தூண்டில் முள்ளை ஏற்றினாள் வெர்னா. கொக்கியைக் கிள்ளாமல் விட்டால் ஆற்றின் அடியில் முதல் கல்லைக் கண்டதும் அது கட்டிப்பிடித்துக்கொள்ளும். அப்புறம் மீன் வராது, கல்தான் வரும். விரல் நீளத்துக்கு இருந்த அந்தக் கறுப்புப் பூச்சியும் லேசுப்பட்டதல்ல. முன்கொடுக்கால் அவள் கட்டைவிரலை ஒரு கடி கடித்துவிட்டுத்தான் தண்ணீருக்குப் போனது. போன வருஷம் வரை இந்த வேலையை ஹார்லனே பார்த்தான். இப்போது பூச்சி அவனைக் கடித்தால் அவனுக்குத் தெரிவதில்லை. ரத்தத்தைப் பார்த்தபிறகுதான் தெரிகிறது. சர்க்கரை நோய் முதலில் பாதங்களைத் தின்றது, பிறகு விரல்களுக்கு வந்தது.

செப்டம்பர் மாதத்து ஜூனியாட்டா ஆறு. தண்ணீர் குறைந்து, அடியில் கிடக்கும் கற்களை எண்ணிவிடலாம் போல இருந்தது. மேலே பனி மூட்டம் இன்னும் விலகவில்லை. தட்டையடிப் படகின் முன்பலகையில் அவளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஹார்லன் உட்கார்ந்திருந்தான். நடுப்பலகையில் துடுப்புகளோடு அவள். கல்யாணமான புதிதிலிருந்தே இப்படித்தான். அவன் முகத்தை மற்றவர்கள் பார்த்திருப்பார்கள். அவள் அதிகம் பார்த்தது அவன் முதுகைத்தான். இந்த மாதிரி மீன் பிடிப்பதில் பாதி வேலை துடுப்புக்காரருடையது. படகு தண்ணீரின் வேகத்திலேயே போக வேண்டும். முந்தினால் இரை தரையை விட்டு எழும்பிவிடும், பிந்தினால் கல்லிடுக்கில் மாட்டிக்கொள்ளும். கேட்டால் ஹார்லன், "நீ சும்மாதானே உக்காந்திருக்க, தண்ணிதானே இழுத்துட்டுப் போகுது" என்பான். அவளும் விடமாட்டாள்; அப்படியென்றால் நாளைக்குத் தண்ணீரையே சோறு வடித்துப் போடச் சொல் என்பாள்.

மீதிப் பாதி வேலை ஆள்காட்டி விரலுடையது. தூண்டில் நரம்பை அந்த விரலின் மேல் ஏந்திக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். கல்லில் இடிப்பது வேறு, மீன் தட்டுவது வேறு. இந்த ஆற்றின் சின்னவாய் பாஸ் மீன் இந்தப் பூச்சியைக் கண்டால் யோசிக்காது, அப்படியே விழுங்கிவிடும். தட்டியவுடன் கோலைத் தூக்கினால் முள் உதட்டில் ஏறும். கொஞ்சம் அசந்தால் தொண்டைக்குள் போய்விடும். குஞ்சு மீன்களெல்லாம் உடம்பு புண்ணாகிச் செத்து மிதந்த அந்தக் கோடைக்குப் பிறகு ஹார்லன் ஒரு பாஸ் மீனையும் கொன்றதில்லை. பிடிப்பான், பார்ப்பான், விட்டுவிடுவான்.

இந்த வசந்தகாலத்தில் மகள் ஜோலீன் வந்து, லங்காஸ்டரில் தன் வீட்டின் கீழ் அறைக்கு வந்துவிடுங்கள் என்று கெஞ்சியபோது, அவன் சாப்பாட்டு மேசையில் விரலைத் தூக்கிக் காட்டிச் சொன்னான்.

"மீன் தட்டறது இந்த விரலுக்குத் தெரியற வரைக்கும் நான் இந்த ஆத்தை விட்டு நகர மாட்டேன். தெரியலைன்னா அன்னிக்கே மூட்டையைக் கட்டு. நான் ஒரு வார்த்தை பேச மாட்டேன்."

ஜோலீன் அம்மாவைப் பார்த்தாள். வெர்னா உருளைக்கிழங்கைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஜூன் மாதம் முதல்முறை படகை இறக்கியபோதே வெர்னாவுக்கு விஷயம் புரிந்துவிட்டது. நரம்பு பக்கவாட்டில் நகர்கிறது, அவன் சிலை மாதிரி உட்கார்ந்திருக்கிறான். மனசு கேட்கவில்லை. துடுப்பை நீரோட்டத்துக்கு எதிராக ஒரு சின்ன இழுப்பு இழுத்தாள். படகு ஒரு குலுங்கு குலுங்கியது, நரம்பு விறைத்தது, அவன் கோலைத் தூக்கினான். மீன் உதட்டில் முள்ளோடு வந்தது. அவன் திரும்பிப் பார்த்துச் சிரித்த சிரிப்பு இருக்கிறதே, அதற்காகவே கோடை முழுக்க அவள் அப்படிச் செய்தாள். அவன் விரலாக இருந்து கொடுத்தாள் என்று சொல்லலாம். மீன் தட்டும்போது கையில் துடுப்பு இருக்கிறவள் வாயைத் திறக்கக் கூடாது என்பது அவர்களுக்குள் பழைய வழக்கம்; துடுப்பைப் பற்றி வழக்கம் எதுவும் சொல்லவில்லை.

ஆனால் ஒவ்வொரு மீனும் அவளை அந்த வீட்டோடு இன்னும் இறுக்கிக் கட்டியது. வெள்ளம் வந்து போகும் ஒவ்வொரு தடவையும் நிலவறையிலிருந்து சேற்றை வாரிக் கொட்டுவது அவள். படகை வண்டியில் ஏற்றுவது அவள். பனியைத் தள்ளுவது, விறகு தூக்குவது, ராத்திரி அவன் பாதங்களில் புண் இருக்கிறதா என்று விளக்கடியில் பார்ப்பது, எல்லாம் அவள். போன வாரம் சேற்று வாளியோடு படியில் விழுந்தாள். அவனிடம் சொல்லவில்லை. தொடையில் கத்திரிக்காய் நிறத்தில் ஒரு கன்றல். நேற்று ஜோலீன் போனில், அந்த அறையைக் கேட்டு ஒரு நர்ஸ் பெண் வந்திருப்பதாகவும் இந்த ஞாயிற்றுக்கிழமைக்குள் சொல்லிவிட வேண்டும் என்றும் சொன்னாள். இன்னொரு குளிர்காலத்தை அந்த வீட்டில் தன்னால் தாங்க முடியாது என்பது வெர்னாவுக்குத் தெரியும். அதை வாயால் சொல்லும் தைரியம்தான் இல்லை. துடுப்பைச் சும்மா வைத்திருக்கும் தைரியம் இருந்தது.

மேட்டுப்பாறைகளுக்குக் கீழே முதல் தட்டல் வந்தது. நரம்பு நின்றது, நடுங்கியது, தளர்ந்தது. வெர்னா துடுப்பின் கைப்பிடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு அசையாமல் இருந்தாள். சற்று நேரம் கழித்து ஹார்லன் சுற்றி எடுத்தபோது முள் வெறுமையாக வந்தது. "கல்லுல பிடுங்கிடுச்சு" என்றான். அவள் வேறு பூச்சி மாட்டிக் கொடுத்தாள்.

இரண்டாவது, சைக்கமோர் மரம் சாய்ந்து கிடக்கும் மடுவில். நரம்பு தண்ணீரைக் கிழித்துக்கொண்டு கரைப்பக்கம் போயிற்று. பிறகு நின்றது. மீன் விழுங்கிவிட்டது. இனி இழுத்தாலும் ஒன்றுதான், இழுக்காவிட்டாலும் ஒன்றுதான். நரம்பு தானாக விறைத்துக் கோல் வளைந்தபிறகுதான் ஹார்லனுக்குத் தெரிந்தது.

நல்ல மீன். முழங்கை நீளம், பழைய வெண்கலப் பாத்திரத்தின் நிறம். ஆனால் குதிக்கவில்லை. படகோரம் வந்தபோது செவுள்களிலிருந்து ரத்தம் புகை போலத் தண்ணீரில் கரைந்தது. முள் கண்ணுக்கே தெரியவில்லை. நரம்பை அறுத்துவிடும்படி கத்தியை அவளிடம் நீட்டினான். அவள் அறுத்தாள். அவன் மீனை வயிற்றடியில் ஏந்தி, நீரோட்டத்துக்கு முகம் காட்டி வெகுநேரம் பிடித்திருந்தான். விட்டதும் அது ஒருக்களித்து, மெல்லப் புரண்டு வெள்ளை வயிற்றைக் காட்டியது.

அவன் திரும்பவில்லை.

"இன்னிக்கு நீ இழுக்கல" என்றான்.

வெர்னா கத்தியைப் பலகையில் வைத்தாள்.

"உனக்குத் தெரியுமா?"

"முதல் நாளே தெரியும். விரல்தான் போச்சு, உக்கார்ற இடம் போகலையே."

"அப்பறம் ஏன் ஒண்ணும் சொல்லல?"

"என்னத்தச் சொல்றது? உனக்கும் இங்கேருந்து போக மனசில்ல, அதான் இழுத்துக் குடுக்கறன்னு நெனச்சேன். கோடை பூரா சந்தோஷமா இருந்தேன்."

படியில் விழுந்ததை அவள் இப்போது சொல்லலாம். சொன்னால் அது காரணம் காட்டுவது போல இருக்கும். உனக்காகத்தான் இழுத்தேன் என்று சொல்லலாம். அதுவும் உண்மைதான், ஆனால் இன்றைக்குச் சொல்ல அவளுக்கு முகமில்லை.

"ஜோலீனுக்குப் போன் பண்ணிடு" என்றான் ஹார்லன். "அந்த நர்ஸ் பொண்ணு வேற எடம் பாத்துக்கட்டும்."

அதுவும் அவனுக்குத் தெரிந்திருக்கிறது. போனில் கிசுகிசுத்ததெல்லாம் காதில் விழுந்திருக்கிறது.

இறங்குதுறைக்கு இன்னும் நிறைய தூரம் இருந்தது. படகும் தண்ணீரின் வேகத்தில் போயிற்று, மீனும் தண்ணீரின் வேகத்தில் போயிற்று. அதனால் மீன் அவர்களை விட்டு விலகவேயில்லை. பின்தங்கட்டும் என்று அவள் நாலு தடவை துடுப்பு வலித்து முன்னால் போனாள். பாறை தடுத்து, படகு சுற்றி நின்றது. மீன் வந்து சேர்ந்துகொண்டது. அவள் துடுப்புகளைத் தூக்கி மடியில் குறுக்காக வைத்துக்கொண்டாள்.

ஹார்லன் கோலை வைத்துவிட்டு, மீனை விட்ட கையை எடுக்க மறந்தவனாய்த் தண்ணீரிலேயே தொங்கவிட்டுக்கொண்டு எதிரே பனி விலகும் கரையைப் பார்த்திருந்தான். மீன் மெல்ல ஒதுங்கி வந்து அந்த விரல்களில் தலையை இடித்தது, நகர்ந்தது, மறுபடியும் இடித்தது. அவன் கரையையே பார்த்துக்கொண்டிருந்தான்.