சூடு தெரியாத கை

கருகிய வாசனை பாலிலிருந்து வருகிறது என்றுதான் டில்லிபாபு நினைத்தார். கொதிக்கிற பாத்திரத்தைத் துணி எதுவும் இல்லாமல் வெறுங்கையால் பிடித்து அடுப்பிலிருந்து இறக்கி, தம்ளரில் ஊற்றவும் ஆரம்பித்திருந்தார். மனைவி வரலட்சுமி போட்ட கூச்சலில்தான் பாத்திரம் நழுவியது.

"யோவ், கையைப் பாருய்யா!"

உள்ளங்கை வெள்ளையாக உப்பிக்கொண்டிருந்தது. அவர் அதை யாரோ ஒருத்தருடைய கையைப் பார்ப்பது போலப் பார்த்தார். வரலட்சுமி அவரை இழுத்துப்போய்க் குழாயடியில் கையை நீட்டவைத்தாள். பிறகு அந்தக் கையைத் தன் கன்னத்தில் வைத்து அழுத்திக்கொண்டாள்.

"எனக்கு இங்க கன்னம் காயுது. உனக்கு இன்னா தெரியுது?"

"ஒண்ணும் தெரியல."

"அந்தக் கை?"

"ரெண்டும்தான். மழைக்கு முன்னாடியிலேர்ந்தே இப்டித்தான் கீது. சுகருனால வருமாம்."

வரலட்சுமி கன்னத்திலிருந்து கையை எடுக்கவில்லை. கணவனுடன் புளியந்தோப்பு ஹவுசிங் போர்டில் ஒற்றை அறையில் தொடங்கி, திருவொற்றியூரில் சொந்த வீடு வரைக்கும் வந்தவள் அவள். அந்த வீட்டின் ஒவ்வொரு செங்கலும் எதனால் வந்தது என்று அவளுக்குத் தெரியும்.

"அப்போ குதிரைங்க காலை எத்த வச்சிப் பார்க்கிற?" என்றாள்.

டில்லிபாபு சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

அவள் கேட்டது சாதாரணக் கேள்வி இல்லை. நாட்டில் வாயால் பிழைக்கிறவர்கள் லட்சம் பேர். டில்லிபாபு கையால் பிழைத்தவர். அப்பா ஆடு வெட்டும் தொட்டியில் தோல் சுமந்தார். மகன் பந்தயக் குதிரை லாயத்தில் சாணி அள்ளப் போனார், சவாரி பழகினார், உடம்பு பெருத்துப்போய் இறங்கினார், கடைசியில் லைசென்ஸ் வாங்கிய டிரெய்னர் ஆனார். அவர் குடியிருந்த ஹவுசிங் போர்டு பிளாக்கிலிருந்து அப்படி யாரும் ஆனதில்லை. சென்னை, பெங்களூர், மைசூர், ஊட்டி என்று ஜெயித்த கோப்பைகளுக்கு வீட்டில் இடம் போதாமல், வரலட்சுமி ஒன்றில் துவரம்பருப்பு கொட்டி வைத்திருக்கிறாள்.

எல்லாம் அந்தக் கை வாங்கிக் கொடுத்தது. குதிரையின் முன்னங்காலில், முழங்காலுக்குக் கீழே, பின்பக்கம் ஒரு தசைநார் ஓடும், லாயத்தில் அதை நரம்பு என்பார்கள். அது கெடப்போகிறதென்றால் வீங்குவதற்கு முன்னால் லேசாகச் சூடேறும். அந்தச் சூட்டோடு ஓடவிட்டால் நரம்பு அறுந்துவிடும். டாக்டர்கள் மிஷின் வைத்துப் பார்ப்பார்கள், சரியாகவும் சொல்வார்கள். ஆனால் மிஷின் தினமும் வராது. டில்லிபாபுவின் கை தினமும் காலையும் மாலையும் எல்லாக் கால்களையும் தடவிவிட்டு வரும். வண்டியில் ஏற்றுவதற்கு முன் கடைசியாக ஒருமுறை தடவி, 'ரைட்டு' என்று ஒரு வார்த்தை சொல்வார். அதைக் கேட்காமல் அவருடைய குதிரை எதுவும் பந்தயத்துக்குப் போனதில்லை.

கை செத்த பிறகு இத்தனை மாதம் எப்படிச் சமாளித்தார் என்றால், ஒவைஸ் இருந்தான். குதிரைகளைப் பராமரிக்கும் மூத்த ஆள். "நீ மொதல்ல பாருடா, சரியா சொல்றியான்னு பாக்கறேன்" என்பார். ஒவைஸ் காலைத் தொடுவான். அவன் புருவத்தைப் பார்த்துக்கொண்டே இவரும் தொடுவார். புருவம் ஏறினால் "இன்னிக்கி வாணாம்." ஏறாவிட்டால் "ரைட்டு." வாத்தியார் பரீட்சை வைப்பது போல அவனிடமே காப்பியடித்தார். வெட்கமாகத்தான் இருந்தது, ஆனால் வெட்கத்தை விட பயம் பெரிதாக இருந்தது.

நேற்று சாயங்காலம் ராயபுரத்தில் ஒவைஸின் அம்மா இறந்துபோனார். இன்றைக்கு அவன் வரமாட்டான்.

எண்ணூர்க் கடற்கரையை ஒட்டி, பழைய உப்பு கோடவுனை லாயமாக்கியிருந்தார் டில்லிபாபு. உப்புத் தண்ணீரில் நடந்தால் குதிரைக் காலுக்கு நல்லது என்பது அவர் கட்சி. அவர் போய்ச் சேர்ந்தபோது குதிரை வண்டி, அதாவது குதிரை ஏற்றும் லாரி, வாசலில் நின்றது. டிரைவர் டென்னிஸ் அவசரப்படுத்தினான். கன்டெய்னர் லாரிகள் வரிசை கட்ட ஆரம்பித்துவிட்டால் மதியம்வரை நகர முடியாதாம்.

உள்ளே சிட்டுவைக் கழுவி, காலைத் துடைத்து, நிழலில் கட்டியிருந்தார்கள். பந்தயப் பட்டியலில் அவளுக்கு நீளமான இங்கிலீஷ் பெயர் உண்டு, லாயத்தில் சிட்டுதான். ஞாயிற்றுக்கிழமை பெங்களூரில் ஓடப்போவது அவள் வாழ்க்கையின் பெரிய பந்தயம். சவாரி செய்யப்போவது டில்லிபாபுவின் ஒரே மகன் பகலவன்.

பகலவன் அப்பாவைத் தனியாக ஓரங்கட்டினான்.

"நைனா, விடியக்கால மணல்ல ஓட்டினேன். திரும்பும்போது இடது முன்னங்கால்ல ஒரு மாதிரி இழுத்தா. மணல் ஈரமா இருந்துச்சு, அதனால கூட இருக்கலாம். தெர்ல."

"தொட்டுப் பார்த்தியா?"

"நீ கீறப்போ நான் எதுக்குத் தொடறேன்?"

'நீயே ஒருவாட்டி தொடுடா' என்று டில்லிபாபு சொல்லிவிட்டால் முடிந்தது. வாயைத் திறந்தார். அதற்குள் ஞானதுரை வந்துவிட்டார்.

ஞானதுரை சிட்டுவின் முதலாளி. நாசரேத் பக்கத்துக்காரர், சாத்தாங்காட்டில் இரும்பு வியாபாரம். ஐம்பது வயதுக்கு மேல் குதிரை ஆசை வந்து, விசாரித்து, வேறு யாரையும் நாடாமல் டில்லிபாபுவிடம் வந்தவர். நல்ல மனுஷன், ஏமாற்றத் தெரியாதவர். வெள்ளை வேட்டி சட்டையில், கையில் போனை வீடியோவுக்குத் திருப்பிப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"மாஸ்டர், டாக்டரம்மா நேத்துப் பாத்துட்டு நல்லாருக்குன்னு சொல்லிட்டாங்க. வண்டி ஏத்துமுன்ன உங்க கை ஒருக்கா பாத்துரட்டும்னாங்க. அதத்தான் வீடியோ எடுக்கப் போறேன். வீட்டுல காட்டணும்லா."

எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். டில்லிபாபு கொப்புளம் தெரியாமல் விரல்களை மடக்கிக்கொண்டு சிட்டுவின் பக்கத்தில் குந்தினார். வலது காலைத் தடவினார். இடது காலைத் தடவினார். இரண்டும் ஒன்றுதான். கண்ணை மூடிக்கொண்டால் தொடுகிறாரா இல்லையா என்பதே தெரியவில்லை. நரம்பைப் பிடித்து அழுத்தினார். சிட்டு காலை உதறினாள். வலியா, ஈயா, இல்லை இவர்தான் அளவு தெரியாமல் நசுக்கிவிட்டாரா? இன்னொரு தடவை அழுத்தினார். இந்தமுறை அவள் சும்மா நின்றாள்.

முதுகில் வேர்வை வழிந்தது. டாக்டரம்மா நல்லாருக்கு என்று சொல்லிவிட்டார். மணல் ஈரம்தான். இந்த ஒரு பந்தயம். இது முடியட்டும், திங்கட்கிழமை எல்லோரையும் கூப்பிட்டு உட்காரவைத்துச் சொல்லிவிடலாம். இப்படி அவர் எத்தனை திங்கட்கிழமைகளைச் சொல்லிக்கொண்டார் என்பது அவருக்கே மறந்துவிட்டது.

எழுந்து நின்றார்.

"ரைட்டு."

"அப்பிடிப் போடுங்க!" என்றார் ஞானதுரை. டென்னிஸ் வண்டியின் ஏறுபலகையைச் சரித்தான். சிட்டு கடகடவென்று ஏறினாள்.

பகலவன் பக்கத்தில் வந்து நின்றான். காலையிலிருந்து இறுகிக் கிடந்த அவன் முகம் இப்போது நன்றாக அவிழ்ந்துவிட்டது. அப்பாவின் தோளில் தோளால் இடித்தான்.

"காலைலேர்ந்து பயந்துகினே இருந்தேன் நைனா. நீ சொல்லிட்ட இல்ல, போச்சு. கடைசி வளைவுல அவள அவுத்து வுட்டுர்றேன் பாரு. ஒருத்தன் பக்கத்துல வரமாட்டான்."

கடைசி வளைவு. டில்லிபாபுவுக்கு அது கண்ணெதிரே வந்தது. முழு வேகத்தில் நரம்பு அறுந்தால் குதிரை முன்பக்கமாக மடியும். மேலே இருப்பவன் அதற்கும் முன்னால் போய் விழுவான். பின்னால் வருகிற குதிரைகள் ஒதுங்குவதற்கு இடம் இருக்காது. அவர் அப்படி விழுந்த ஒருவனைத் தூக்கியிருக்கிறார். அவனை எப்படித் தூக்குவதென்று தெரியாமல் நான்கு பேர் நின்றார்கள். வெறும் ஈர மணலா, அறப்போகும் நரம்பா என்பதற்குப் பகலவன் நம்பிக்கொண்டிருப்பது ஒரு செத்த கையை.

"இறக்கு," என்றார்.

ரோட்டில் ஒரு கன்டெய்னர் லாரி ஹாரன் அடித்தது. டென்னிஸ் பலகையைத் தூக்கிக் கொக்கி மாட்டிக்கொண்டிருந்தான்.

"டேய், இறக்குடா அவளை!"

ஓடிப்போய் வண்டியின் பக்கவாட்டில் கையால் ஓங்கி ஓங்கி அறைந்தார். கொப்புளம் உடைந்து பெயின்டில் ஈரம் பட்டது. அவருக்கு வலிக்கவில்லை. ஒன்றும் புரியாமல் டென்னிஸ் பலகையை மறுபடி இறக்க, சிட்டு கீழே வந்தாள்.

டில்லிபாபு அவளுடைய முன்னங்கால்களுக்குப் பக்கத்தில் மண்டியிட்டார். அது போதவில்லை. தரையில் நெடுஞ்சாண்கிடையாகப் படுத்தார். தேய்த்து மடிப்பு வைத்த சட்டையோடு, சாணியும் காற்றில் வந்து படியும் நிலக்கரிச் சாம்பலும் கலந்த மண்ணில் படுத்து, தன் கன்னத்தைக் குதிரையின் வலது காலில் வைத்தார். அவள் ஒரு மிதி மிதித்தால் மண்டை போய்விடும். பகலவன் பதறிப்போய்க் கடிவாளத்தைப் பிடித்தான்.

"நைனா, இன்னா பண்ற நீ?"

வலது கால் குளிர்ச்சியாக இருந்தது. தண்ணீர் ஊற்றித் துடைத்த கால். டில்லிபாபு உருண்டு இந்தப் பக்கம் வந்து, இடது காலில் கன்னத்தை வைத்தார்.

பகலவனுக்குச் சின்ன வயதில் காய்ச்சல் வந்தால் நெற்றியில் கன்னத்தை வைத்தால் இப்படித்தான் இருக்கும். எத்தனையோ மாதங்களுக்குப் பிறகு ஒரு குதிரையின் சூடு அவருக்குத் தெரிந்தது. அழுகை வந்துவிட்டது. அப்படியே படுத்துக்கொண்டு கொஞ்ச நேரம் அழுதார்.

"கொதிக்குது," என்றார். "இவ ஓடமாட்டா."

ஞானதுரையின் போன் இன்னும் வீடியோ எடுத்துக்கொண்டிருந்தது. மெதுவாக அதைக் கீழே இறக்கினார்.

"மாஸ்டர், இப்பதான ரைட்டுன்னு சொன்னீங்க? இப்ப மாத்திச் சொல்லுதீங்க. நான் எதை நம்பட்டும்?"

"கன்னத்த நம்புங்கண்ணாச்சி. கைய நம்பாதீங்க." எழுந்து உட்கார்ந்து உள்ளங்கையை விரித்துக் காட்டினார். "காலைல பால் சட்டியப் புடிச்சேன். சுட்டதே தெரியல. ரெண்டு கையும் செத்துப்போயி மாசக்கணக்காவுது."

பகலவன் குனிந்து சிட்டுவின் இடது காலை ஒருமுறை தொட்டான். வலதைத் தொட்டான். மறுபடி இடதைத் தொட்டான். நிமிர்ந்தபோது அவன் முகத்தில் இரத்தமே இல்லை.

"அப்போ இவ்ளோ நாள் நான் ஏறின குதிரையெல்லாம்? எந்தக் கை பார்த்துச்சு அதுங்கள?"

"ஒவைஸ் கை."

"அவனுக்குத் தெரியுமா?"

"தெரியாது. அவன் மூஞ்சியப் பார்த்துத்தான் நான் சொல்லிகினு இருந்தேன்."

"இன்னிக்கி?"

டில்லிபாபு மகனை நேராகப் பார்த்தார். பொய் சொல்ல வேறு ஒன்றும் மிச்சமில்லை.

"இன்னிக்கி யாரும் பாக்கல," என்றார்.

பகலவன் கடிவாளத்தை டென்னிஸிடம் கொடுத்துவிட்டுக் கடல் பக்கமாக நடந்தான்.

ஞானதுரைக்கு இப்போதுதான் கோபம் வந்தது. நல்ல மனுஷனுக்கு வரும் கோபம் சத்தமாக இருக்காது. "ஒம்ம பேருக்காக வந்தேன்வே," என்றார். "ஒரு வார்த்த சொல்லியிருந்தா ஒவைஸ் கையே போதும்னு இருந்திருப்பேன். பெத்த புள்ளையவே தெரிஞ்சு ஏத்தி அனுப்பப் பாத்தீரே. கால் ஆறினதும் வேற ஆளு வந்து சிட்டுவக் கூட்டிட்டுப் போவாங்க." டில்லிபாபு தலையாட்டினார். அதில் மறுத்துச் சொல்ல ஒன்றும் இல்லை.

அதன்பின் டில்லிபாபுவே தன் போனை எடுத்துப் பெங்களூர்ப் பந்தய அலுவலகத்தைக் கூப்பிட்டார். விரலுக்குத் திரை பிடிபடாமல் இரண்டு தடவை தப்பாகப் போயிற்று. மறுமுனையில் தமிழ் பேசும் ஒருவர் கிடைத்தார். குதிரை ஓடாது என்றார். காரணம் கேட்டார்கள்.

"குதிரைக்கு இடது முன்னங்கால்ல சூடு. எழுதிக்கினீங்களா? இன்னொண்ணும் எழுதிக்குங்க. டிரெய்னருக்குக் கையில உணர்ச்சி இல்ல. இனிமே அவன் கை பார்த்துச் சொல்ற எதையும் வச்சி ஒரு குதிரையும் ஓடக்கூடாது. ஆமா, நான்தான் பேசறேன். டில்லிபாபு. நானேதான் சொல்றேன்."

போனை வைத்துவிட்டு, சாணிக் கூடையைக் கவிழ்த்து அதன்மேல் உட்கார்ந்தார். இந்தத் தொழிலுக்கு வந்த முதல் நாளும் அப்படி ஒரு கூடையில்தான் உட்கார்ந்தார். பிள்ளை உயிரோடு கடற்கரையில் நின்றுகொண்டிருக்கிறான் என்பது திரும்பத் திரும்ப மனதுக்கு வந்தது. அது ஒன்றே அவருக்குப் போதுமாக இருந்தது.

டென்னிஸ் ரோட்டுக் கடையிலிருந்து டீ வாங்கி வந்தான். கண்ணாடி கிளாஸில் விளிம்பு வரைக்கும் டீ, ஆவி பறந்தது. டில்லிபாபு வழக்கம்போல இரண்டு கைகளையும் நீட்டினார்.

பின்னாலிருந்து ஒரு கை குறுக்கே வந்து கிளாஸை வாங்கிக்கொண்டது. பகலவன் அப்பாவின் முகத்தைப் பார்க்கவில்லை. கண்கள் சிவந்திருந்தன. பக்கத்தில் தரையில் உட்கார்ந்து கிளாஸைக் கை மாற்றி மாற்றிப் பிடித்துக்கொண்டிருந்தான். சூடு தாங்காமல் ஒருதரம் கீழேகூட வைத்தான். நன்றாக ஆறியது என்று தன் விரலுக்குத் தெரிந்த பிறகு, அதை எடுத்து அப்பாவின் கையில் வைத்து, அவர் விரல்களைச் சுற்றி மடக்கிவிட்டான்.

"இப்போ குடி," என்றான்.