சிக்னலுக்குத் திரும்பிய வீடு

டி.வி.க்குப் புதுப் பெட்டி வந்த வாரத்தில் இளையவளின் வீடு தெருவுக்கு முதுகு காட்டத் தொடங்கியது. ஒரேயடியாக அல்ல, தூக்கத்தில் புரண்டு படுக்கிற ஆள் போலக் கொஞ்சம் கொஞ்சமாக. காலையில் அவள் வேலைக்குக் கிளம்பும்போது வாசல் எதிர்வீட்டுத் தையல்காரரின் மெஷினைப் பார்த்தபடி இருந்தது. சாயங்காலம் திரும்பி வந்தபோது அது தெருமுனை டிரான்ஸ்பார்மரைப் பார்த்துக்கொண்டிருந்தது. அவள் அதைக் கவனிக்காமல் இல்லை. ஆனால் கால்வலியில் உயிர் போனதால் கதவு எங்கே இருந்ததோ அங்கே நுழைந்து, இருந்ததைச் சாப்பிட்டுவிட்டுப் படுத்துக்கொண்டாள்.

பாட்டில் தொழிற்சாலையில் அவளுக்குக் கீறல் பார்க்கிற வேலை. வெள்ளை விளக்குக்கு முன்னால் பாட்டில்கள் ஓடிக்கொண்டே இருக்கும். விரிசல் விட்டது, குமிழி விழுந்தது, வாய் கோணியது என்று கண்ணில் படுவதையெல்லாம் எடுத்துத் தொட்டியில் போட வேண்டும். பல வருஷமாக இதைச் செய்து செய்து, வீட்டுக்கு வந்தால் எதையும் தெளிவாகப் பார்க்க அவளுக்கு ஆசை மிச்சமிருக்காது. கண்ணைத் திறந்து வைத்திருப்பதே ஓவர்டைம் போலத் தோன்றும். அவள் கணவருக்கோ நேர்மாறான குறை. அவர் லாரி ஓட்டியவர். முதுகு போன பிறகு கூடத்துக் கட்டிலே கதியென்று ஆகிவிட்டது. கண்ணாடி வழியாகவே உலகத்தைப் பார்த்துப் பழகியவருக்கு டி.வி.தான் கடைசியாகக் கிடைத்த கண்ணாடி. மலைப்பாதைகளை மட்டும் காட்டுகிற சேனல் ஒன்று ஹெச்.டி.யில் வரப்போகிறது என்று தெரிந்த நாளிலிருந்து அவருக்கு இருப்புக் கொள்ளவில்லை. பழைய சேனல்கள் இனிக் கொஞ்ச நாள்தான், புதியவை வேறொரு செயற்கைக்கோளில் வருகின்றன, பெட்டியை மாற்றி டிஷ்ஷையும் அந்தப் பக்கம் திருப்பிவிட்டால் போதும் என்று கம்பெனியே போன் செய்து சொன்னது. அவள் ஒரு வார்த்தை மறுப்புச் சொல்லவில்லை. மறுப்புச் சொல்வதற்கும் தெம்பு வேண்டுமே.

டிஷ்காரர் புதுப் பெட்டியை வைத்து, வயரை மாற்றி, மொட்டைமாடிக்கு ஏறினார். டிஷ்ஷைத் தாங்கிய இரும்புக் குழாய் வீடு கட்டும்போதே கான்கிரீட்டில் ஊன்றப்பட்டது. மழையிலும் வெயிலிலும் நின்று நட்டும் போல்ட்டும் குழாயும் ஒரே துண்டாகத் துருவேறிக் கிடந்தன. அவர் எண்ணெய் ஊற்றினார், சுத்தியலால் தட்டினார், கடைசியில் ஸ்பேனரோடு நீளமான கம்பி ஒன்றைச் சேர்த்துக் கட்டி அதில் தொங்கிப் பார்த்தார். நட் அசையவில்லை. வீடு அசைந்தது. கீழே கூடத்திலிருந்து லாரிக்காரர், படம் கட்டம் கட்டமாக வருகிறது, இன்னும் கொஞ்சம் என்று குரல் கொடுத்தார். டிஷ்காரர் வேறு வழியில்லாமல் இன்னும் கொஞ்சம் இழுத்தார். அதற்குப் பிறகு யாரும் இழுக்க வேண்டியிருக்கவில்லை. சிக்னல் எந்தப் பக்கம் என்று வீட்டுக்குப் பிடிபட்டுவிட்டது.

தெருவில் இது ஒரு வாரப் பேச்சு. அதற்குமேல் பேச அவரவருக்கு அவரவர் பாடு இருந்தது. தண்ணீர்க் குழாய் ரப்பர் போல நீண்டுகொடுத்தது. மின்கம்பத்து வயர் சுவரைச் சுற்றிக்கொண்டது. பக்கத்து வீட்டுச் சுற்றுச்சுவர், நெரிசலான பஸ்ஸில் இடம் விடுகிறவர் போல, முனகாமல் உள்வாங்கி வீட்டின் மூலையைப் போகவிட்டது. மூலை கடந்ததும் பழைய இடத்துக்கு வந்துவிட்டது. தபால்காரர் வாசலைத் தேடி அலைந்து சலித்துப்போய் எல்லாவற்றையும் தையல்காரரிடம் கொடுக்க ஆரம்பித்தார். யாரோ மனுப் போட்டு, நகராட்சியிலிருந்து ஓர் அதிகாரி டேப்புடன் வந்தார். வீடு தன் மனைக்குள்ளேயேதான் இருக்கிறது, அது எந்தப் பக்கம் பார்ப்பது என்பது குடியிருப்பவர்கள் இஷ்டம் என்று சொல்லி, தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டுப் போனார்.

இளையவளின் கவலை வேறு. வீட்டின் பின்பக்கம் ஓர் ஆள் ஒதுங்கிப் போகிற அளவுக்கு ஒரு சந்து. சந்துக்கு அந்தப் பக்கம் அவள் அக்காவின் வீடு. அப்பா விட்டுப்போன ஒரே மனையில் முதுகோடு முதுகு ஒட்டாமல் கட்டிய வீடுகள். அக்காவின் வாசல் பின்தெருவைப் பார்க்கும், தங்கையின் வாசல் முன்தெருவைப் பார்க்கும். அம்மா படுக்கையில் விழுந்தபோது அக்காதான் வைத்துக்கொண்டாள். அவளுக்குப் புருஷன் போய்ச் சேர்ந்திருந்தான், பிள்ளையும் இல்லை, வேலைக்கும் போகவில்லை. அதனால் அது அவள் தலையில் விழுந்தது. யாரும் உட்கார்ந்து பேசி முடிவு செய்யவில்லை. இளையவள் லீவு நாளில் போய்ப் பார்த்து, அம்மாவின் தலையை வாரிவிட்டு, போர்வையைத் துவைத்துப் போட்டுவிட்டு வருவாள். அம்மா இறந்த அன்று மெஷினை நிறுத்தி ஆள் மாற்றிவிட்டு வருவதற்குள் நேரமாகிவிட்டது. அத்தனை பேர் கூடியிருந்த வாசலில் அக்கா நிமிர்ந்து பார்த்து, "விருந்தாளி வந்தாச்சு, நாற்காலி போடுங்க" என்றாள். நிஜமாகவே யாரோ ஒரு நாற்காலியைக் கொண்டுவந்து போட்டார்கள். அது விஷயம் தெரியாத யாரோ காட்டிய மரியாதை. ஆனால் இளையவளுக்கு அந்த நாற்காலிதான் நெஞ்சில் இறங்கியது. அந்த மாதமே சந்தைப் பார்த்த ஜன்னலைச் செங்கல் வைத்து அடைக்கச் சொன்னாள். அதற்குப் பிறகு எத்தனையோ மழை வந்து போனது. இரண்டு வீட்டுக்கும் நடுவில் பேச்சு மட்டும் வரவில்லை.

இப்போது வீடு ஒவ்வொரு நாளும் வாசலைத் தூக்கிக்கொண்டு அந்தச் சந்துப் பக்கமாகப் போய்க்கொண்டிருந்தது. செங்கல் வைத்து அடைத்த ஜன்னலோ தெருவுக்கு வந்து, போகிறவர் வருகிறவர் எல்லாரும் பார்க்க நின்றது. அவள் டிஷ்காரரைக் கூப்பிட்டு, குழாயை அறுத்தாவது நிறுத்த முடியுமா என்று கேட்டாள். அவர் மாடிக்குப் போய்ப் பார்த்துவிட்டு இறங்கி வந்தார்.

"இங்க பாரும்மா, குழாயத் தொட்டா வீடு நடுங்குது. டிஷ்ஷ நான் பிடிச்சிக்கலாம். வீட்ட யார் பிடிக்கிறது?"

அன்று அவள் கணவரின் கட்டிலுக்குப் பக்கத்தில் போய் நின்றாள். திரையில் சிக்னல் காட்டும் கோடு மஞ்சளைத் தாண்டிப் பச்சையில் கால் வைத்திருந்தது. இது எங்கே போய் நிற்கும் என்று தெரியுமா என்று கேட்டாள். தெரியும் என்றார் அவர். தெரிந்துமா பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள் என்று கேட்டாள்.

"லாரின்னா எதிர்ல சுவர் வந்தா நிறுத்திடுவேன்" என்றார் அவர். "வீட்டுக்கு பிரேக் எங்க இருக்குன்னு எனக்குத் தெரியலயே."

அவர் பொய் சொல்லவில்லை என்பது அவளுக்குத் தெரிந்தது. ஆனால் பிரேக் கையில் இருந்திருந்தாலும் அவர் போட்டிருக்க மாட்டார் என்பதும் தெரிந்தது. அவருக்கு இன்னும் கொஞ்சம் பச்சை வேண்டும். சண்டை போடலாம் என்று நினைத்தாள். காலையில் சீக்கிரம் எழுந்திருக்க வேண்டும் என்பது ஞாபகம் வந்து, விளக்கை அணைத்துவிட்டுப் போனாள்.

ஒரு லீவு நாள் காலையில் வீடு நின்றது. அவள் கதவைத் திறந்தபோது கைநீட்டினால் தொடும் தூரத்தில் அக்கா தன் பின்கட்டுப் படியில் உட்கார்ந்து அடிப்பிடித்த பாத்திரம் ஒன்றைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். அக்காவுக்குத் தலை முழுக்க நரைத்திருந்தது. கால் இரண்டும் வீங்கி, செருப்புக்கு வெளியே பிதுங்கியிருந்தன. அவள் நிமிர்ந்து பார்த்தாள், குனிந்து மறுபடி தேய்த்தாள். உள்ளே லாரிக்காரர், ஒவ்வொரு கூழாங்கல்லும் தெரிகிறது, பாதையோரம் பனி உருகுவதுகூடத் தெரிகிறது என்று யாரிடமோ சொல்வது போலச் சொல்லிக்கொண்டிருந்தார். இளையவள் கதவைச் சாத்தினாள். வேறு வாசல் இல்லாததால் சிறிது நேரம் கழித்து மறுபடி திறந்தாள்.

அப்படியே பல வாரம் போயிற்று. வேலைக்குப் போக வர ஒருத்தி முகத்தில் இன்னொருத்தி விழித்தாள். சந்தில் உடம்பை ஒடுக்கிக்கொண்டு, பஸ்ஸில் முன்பின் தெரியாதவர்கள் விலகுவது போல விலகினார்கள். பேச்சை முதலில் எடுத்தவள் அக்காதான், அதுவும் புகாராக. ஒருநாள் சாயங்காலம் கதவைத் தட்டினாள்.

"உன் வீட்டு மூலை என் டிஷ்ஷ மறைக்குது. படமே வரல."

அது உண்மை. முன்பு தாழ்வாக இருந்த இடத்தில் இப்போது மாடிப்படிக் கூரை வந்து நின்றுகொண்டு வானத்தின் அந்தத் துண்டை மறைத்தது. டிஷ்காரர் வந்து பார்த்து, கம்பத்தை எவ்வளவு உயர்த்தினாலும் பிரயோஜனம் இல்லை என்று கையை விரித்துவிட்டார். வீங்கிய காலை நீட்டிப் போட்டுக்கொண்டு டி.வி. பார்ப்பதைத் தவிர அக்காவுக்கு வேறு போக்கு இல்லை என்பதை இளையவள் அப்போதுதான் யோசித்தாள். அந்த வீட்டுக்குள் வேறு குரலே கிடையாது. ஷிஃப்ட் முடிந்து வந்த அலுப்பில், யோசிக்கிற பகுதி எல்லாம் ஏற்கெனவே தூங்கிவிட்ட நிலையில், அவள் வாய் தானாகச் சொன்னது.

"அப்ப உள்ள வந்து பாரு."

"உன் வீட்டுல உட்கார்ந்து பார்க்கணும்னு எனக்கென்ன தலையெழுத்தா" என்று சொல்லிவிட்டு அக்கா போய்விட்டாள். சீரியல் நேரத்துக்கு வந்தாள். கதவோரத்திலேயே சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, முடிந்ததும் யாரிடமும் எதுவும் சொல்லாமல் எழுந்து போனாள். மறுநாளும் வந்தாள். லாரிக்காரர் அந்த அரைமணி நேரத்துக்கு மட்டும் மலைப்பாதையை விட்டுக்கொடுத்தார். அவர் எதையாவது விட்டுக்கொடுத்து யாரும் பார்த்ததில்லை. கதாநாயகியின் கன்னத்தில் பவுடர் வெடித்திருப்பது வரை ஹெச்.டி.யில் தெரிந்தது. இவ்வளவு தெரியவும் வேண்டியதில்லை என்று அக்கா சொன்னாள். அந்த வீட்டில் அவள் சொன்ன முதல் அபிப்பிராயம் அது. இளையவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்கவும் அலுப்பாக இருந்ததால் தலையை மட்டும் ஆட்டினாள்.

மழைக்கு முந்தைய புழுக்கமான ஒரு சாயங்காலம் சீரியலில் ஒரு கிழவி படுக்கையில் கிடந்தாள். பிள்ளைகள் சுற்றி நின்று அழுதார்கள். கிழவி ஒவ்வொருவரையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, ஒவ்வொருவர் கையையும் பிடித்தாள். லாரிக்காரர் தூங்கிப்போயிருந்தார். இளையவள் எழுந்து போய்விடலாமா என்று பார்த்தாள். அக்கா திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் பேசினாள்.

"அம்மா கடைசியில உன்னக் கேக்கல."

இளையவள் எழுவதற்காக ஊன்றிய கையை மடியில் வைத்துக்கொண்டாள்.

"என்னையும் கேக்கல. அத்தன வருஷம் பார்த்தேன். என் முகத்தப் பார்த்து, யாரும்மா நீ, அந்த விளக்க அணை, கண்ணு கூசுதுன்னாங்க. அவ்வளவுதான். நீ வந்து நின்ன பாரு, எதையாவது யார் மேலயாவது எறியணும் போல இருந்தது. நீ கிடைச்ச."

விளம்பரம் வந்தது. ஏதோ ஒரு குடும்பம் புதுக் கட்டிலில் குதித்துக்கொண்டிருந்தது. இளையவளுக்கு அழுகை வரும் என்று தோன்றியது, வரவில்லை. அவளுக்கு இத்தனை நாளும் உள்ளே ஓர் ஆசை இருந்திருக்கிறது: அம்மா தன்னைக் கேட்டிருப்பாள், கேட்டுக் கேட்டு ஏமாந்திருப்பாள், அக்கா அதை மறைக்கிறாள் என்று. அந்த ஆசை இப்போது போய்விட்டது. அது போன இடம் காலியாக, சற்றுக் குளிர்ச்சியாக இருந்தது. அக்காவின் கால்கள் தரையில் நீண்டு கிடந்தன. இளையவள் கணுக்காலில் விரல் வைத்து அழுத்திப் பார்த்தாள். விரல் பதிந்த குழி அப்படியே நின்றது.

"டாக்டர்கிட்டப் போனியா?"

"யார் கூட்டிட்டுப் போவா?"

"வியாழக்கிழமை எனக்கு லீவு" என்றாள் இளையவள்.

வியாழக்கிழமை போனார்கள். சந்தில் இரண்டு பேர் சேர்ந்து நடக்க முடியாததால் ஒருத்தி பின்னால் ஒருத்தியாக, இளையவள் முன்னால் நடந்து, பின்னால் கைநீட்டி அக்காவைப் பிடித்தபடி. மாத்திரையில் வீக்கம் கொஞ்சம் வடிந்தது, கொஞ்சம் நின்றது. பெரிய சமாதானம் என்று எதுவும் நடக்கவில்லை. சில நாள் பழைய வார்த்தைகள் வந்தன. சில நாள் பாத்திரத்தை நங்கென்று வைக்கிற சத்தம் சந்தைத் தாண்டிக் கேட்டது. இருந்தாலும் சீரியல் நேரத்துக்கு அக்கா வராமல் இருந்ததில்லை. கதவோரத்திலிருந்து கட்டில்காலுக்கும், அங்கிருந்து மின்விசிறிக்கு நேர்கீழேயும் அவள் இடம் மெல்ல மெல்ல நகர்ந்தது. பயனில்லாமல் கிடந்த தன் டிஷ்ஷைக் கழற்றி டிஷ்காரரிடமே கொடுத்துவிட்டாள். அந்தச் சீரியல் முடிந்து வேறொன்று வந்தது, அதுவும் முடிந்தது. இளையவளின் கண் பார்வை மங்கி, தொழிற்சாலை அவளைப் பாட்டில்களுக்கு அட்டைப்பெட்டி மடிக்கும் இடத்துக்கு மாற்றியது. அங்கே உட்கார்ந்து வேலை செய்யலாம் என்பதால் அவளுக்கு வருத்தமில்லை.

அதற்கு அடுத்த மழைக்காலத்தில் அக்காவின் வீடும் திரும்பத் தொடங்கியது. மாடியில் டிஷ் இல்லை, ஊன்றிய குழாயும் இல்லை. துணி காயப்போடுகிற கொடி மட்டுமே இருந்தது. பின்தெருவைப் பார்த்த வாசல் ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கொஞ்சமாகச் சந்துப் பக்கம் வந்தது. டிஷ்காரரை அழைத்துக் காட்டினார்கள். அவர் மாடியேறி, கொடியைத் தொட்டுப் பார்த்து, வானத்தையும் ஒருமுறை பார்த்துவிட்டு இறங்கினார். "இதுல எனக்கு வேலை இல்ல" என்றார். அக்கா சரி என்றாள். வாசல் வந்து சேர எத்தனை நாள் ஆகுமென்று யாருக்கும் தெரியாததால், அதுவரை சந்தில் மழை நனைக்காமலிருக்க இளையவள் இரண்டு கூரைக்கும் நடுவில் ஒரு தார்ப்பாயைக் கட்டிவிட்டு, உள்ளே போய்ப் படுத்துக்கொண்டாள்.