சின்ன எழுத்து

பிளேடு இறங்கும்போது புத்தகம் சத்தம் போடாது. மெஷின்தான் உறுமும். முதுகு ஒரு பக்கம் விழும், தாள்கள் ஒரு பக்கம் சரியும். முதுகில் பசையும் நூலும் இருப்பதால் காகிதக் கூழுக்கு ஆகாது. அதனால் எப்பேர்ப்பட்ட படிப்பாளி எழுதிய புத்தகமானாலும், எங்கள் பழைய பேப்பர் கொட்டகைக்கு வந்துவிட்டால் முதலில் முதுகை வெட்டுவோம். மெஷினில் என் தங்கை புருஷன் நிற்பான். நான் கட்டுகளைப் பிரித்து அவன் பக்கம் தள்ளுவேன்.

அந்த மெஷினுக்கு இரண்டு பொத்தான்கள். இரண்டையும் இரண்டு கையால் சேர்த்து அழுத்தினால்தான் பிளேடு இறங்கும். கை உள்ளே மாட்டக் கூடாதென்று அப்படிச் செய்திருக்கிறார்கள். அதில் வேலை ஓடாது என்று மேஸ்திரி ஒருநாள் சிவப்பு நைலான் கயிற்றைக் கொண்டுவந்து, இடது பொத்தானை அமுக்கிவைத்து இறுக்கிக் கட்டினான். இனிமேல் ஒரு கையால் தள்ளு, ஒரு கையால் வெட்டு என்றான். மாப்பிள்ளை தயங்கினான். பிடரியில் ஒரு அறை விழுந்தது. அதன்பிறகு கயிற்றை யாரும் தொடவில்லை.

போன வாரம் ஏதோ நூலகத்தைக் காலிசெய்த சுமை வந்தது. பிரித்தால் எல்லாம் ஒரே ஆளைப் பற்றி. கடல் கடந்துபோய்ப் புது நிலம் கண்டானே, பள்ளிக்கூடம் மிதிக்காத நான்கூடப் பெயர் கேட்டிருந்த அந்தக் கப்பல்காரன். சரித்திரக்காரர்கள் தலைமுறை தலைமுறையாக அவனை எழுதித் தள்ளியிருந்தார்கள். எனக்குத் தலை நரைத்த பிறகுதான் எழுத்து வந்தது. சாப்பாட்டு நேரத்தில் விரல் வைத்து மெதுவாகப் படிப்பேன்.

பழைய புத்தகத்தில் அவன் கரையிறங்க, தீவுக்காரர்கள் பழத்தோடு ஓடிவந்தார்கள். அடுத்த புத்தகத்திலும் அப்படித்தான். ஆனால் பக்கத்தின் அடியில், ஒரு கோட்டுக்குக் கீழே, எறும்பு ஊர்ந்த மாதிரி எழுத்து. கண் வலிக்குமென்று தாண்டிப்போனேன். மூன்றாவது, புதிதாக அச்சானது, முதல் வரியிலேயே ஆரம்பித்தது: தங்கம் கொண்டுவராதவர்களின் மணிக்கட்டை அவன் ஆட்கள் வெட்டினார்கள். வெட்டிய கையை அவரவர் கழுத்திலேயே தொங்கவிட்டு ஊருக்குள் நடத்தினார்கள். திரும்பிப்போய் அந்தச் சின்ன எழுத்தைப் படித்தேன். அதே கைகள். அந்தத் தீவுக்குப் போயிருந்த ஒருவன் பார்த்து எழுதிவைத்தது. பழைய புத்தகக்காரரும் அதைப் படித்திருக்கிறார். கடைசிப் பக்கத்தில் அந்தச் சாட்சிக்கு நன்றி சொல்லியிருந்தார். கைகளை மட்டும் விட்டுவிட்டார்.

மாப்பிள்ளையிடம் சொன்னேன்.

"ஒரே ஆளுக்கு எதுக்கு மச்சான் இத்தனை புஸ்தகம்?"

"எழுதுறவன் எங்க நின்னு பாக்குறான்னு இருக்குல்ல, மாப்ளே."

"அப்ப நம்ம மேஸ்திரியப் பத்தி எழுதுனாலும் பழந்தான்" என்று சிரித்தான். "நீ எழுதிராத. உன் கையெழுத்தப் பாத்தா கோழியே கோவிச்சுக்கும்."

சாப்பிட்டு வந்து முதல் கட்டிலேயே தாள்கள் கோணலாகச் சரிந்தன. நேராக்க மாப்பிள்ளை இடது கையை உள்ளே விட்டான். பின்னால் வந்த மேஸ்திரி, என்னடா கொஞ்சிக்கிட்டு நிக்கிற என்று முதுகில் ஓங்கிக் குத்தினான். குத்திய வேகத்தில் வலது கை பொத்தான்மேல் விழுந்தது. பிளேடு இறங்கியது. இந்த முறை சத்தம் வந்தது.

மாப்பிள்ளை முதுகுகள் விழும் பக்கத்தையே பார்த்துக்கொண்டு நின்றான். என் துண்டைக் கிழித்து முழங்கைக்குக் கீழே இறுக்கினேன். துண்டு நனைந்து, என் சட்டை நனைந்து, கப்பல்காரனின் தாள்கள் அடுக்கடுக்காக உறிஞ்சிக்கொண்டன. இரண்டு பேர் அவனை வண்டிக்குத் தூக்கிப்போனார்கள். நான் திரும்பியபோது மேஸ்திரி பேனாக்கத்தியால் கயிற்றை அறுத்துப் பேண்ட் பாக்கெட்டில் திணித்துக்கொண்டிருந்தான்.

நான் பார்த்துவிட்டதை அவனும் பார்த்தான். என் கழுத்தைப் பிடித்துக் கட்டுகளோடு சேர்த்து அழுத்தினான்.

"அவனே அவசரத்துல கைய விட்டான். கயிறுன்னு ஒண்ணு இல்லவே இல்ல. உன் தங்கச்சி வீட்டுல ஒருத்தன் சும்மா உக்காந்தா போதும். நீயும் போய் உக்காரணுமா?"

மேனேஜர் வந்தார். ரத்தத்தில் படாமல் பார்த்துப் பார்த்துக் கால் வைத்தார். பையன் கவனக்குறைவு சார் என்று மேஸ்திரி முந்திக்கொண்டான். அப்படியே முடிந்தால் மாப்பிள்ளைக்குக் கையும் இல்லை, வேலையும் இல்லை, கேட்க ஒரு நாதியும் இல்லை.

"பக்கத்துல நின்னது நீங்கதானே? என்ன நடந்துச்சு?" என்று மேனேஜர் என்னைக் கேட்டார்.

மேஸ்திரியின் விரல்கள் பதிந்த இடத்தில் தொண்டை வீங்கி அடைத்திருந்தது. அவன் பாக்கெட் ஓரத்தில், எறும்பு அளவுக்கு, சிவப்பாக ஒரு நுனி தெரிந்தது.

அந்தப் பாக்கெட்டுக்குள் கையை விட்டேன். அவன் முஷ்டி என் வாயில் இறங்கியது. ஒரு பல் நாக்கில் உருண்டது. இரண்டு பேரும் தாள்கள்மேல் விழுந்தோம். என் முகத்தை அவன் தரையில் மோதிக்கொண்டே இருந்தான். மேனேஜரின் பூட்ஸ் அருகில் வந்து நின்றது. என் விரல்களில் கயிறு, கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வந்துகொண்டிருந்தது.