கறுப்பு நூல்

ஆரணியில் மீன் வளர்க்கிற அத்தனை பேரையும் வரிசையாக நிற்கவைத்து ஆளுக்கு ஒரு அறை கொடுத்தால் என்ன என்று பார்த்திபனுக்கு அடிக்கடி தோன்றும். ஒன்றா, இரண்டா! பல் டாக்டர் வீட்டில் நீலநிறக் கூழாங்கல், அதன்மேல் வாயைத் திறந்து திறந்து மூடுகிற பிளாஸ்டிக் முதலை. மருந்துக்கடையில் ஊறுகாய் ஜாடி அளவுக்கு ஒரு கண்ணாடிக் கிண்ணம், அதற்குள் ஒற்றைத் தங்கமீன், தன் மூத்திரத்தையே குடித்துக்கொண்டு வட்டமடிக்கும். சேவூரில் ஒரு புண்ணியவான் மீனுக்குப் பசிக்குமே என்று தினமும் இட்லியை உதிர்த்துப் போட்டான். தண்ணீர் நாறி மீனெல்லாம் மிதந்ததும், "அதுக்கு ஆயுசு அவ்ளோதாங்க" என்று வேதாந்தம் பேசினான்.

"இவனுங்க மீன் வளக்கல, தீபா. மீனுக்குத் திவசம் பண்ணிகினு கீறானுங்க" என்பான் மனைவியிடம்.

"இந்த ஊர்ல யாரைத்தான் உங்களுக்குப் புடிச்சிருக்கு, சொல்லுங்க" என்பாள் அவள்.

யாரையும் பிடிக்கவில்லைதான். பிடிக்கிற மாதிரி ஒருத்தன் வந்தால் அல்லவா? பார்த்திபன் பட்டுத் தறிகளுக்குக் கம்ப்யூட்டரில் டிசைன் போடுகிறவன். நாள் முழுக்கத் திரையில் மாங்காயும் அன்னமும் வரைந்துவிட்டு வீட்டுக்கு வந்தால், கூடத்தில் நாலடி நீளத்துக்கு அவனுடைய தொட்டி. அதில் பிளாஸ்டிக் என்று கடுகளவு கிடையாது. முன்பக்கம் புல்தரை, பின்பக்கம் சிவப்புத் தண்டுச் செடிகள், நடுவில் முறுக்கிக்கொண்ட ஒரு மரக்கட்டை, அதன்மேல் பாசி. ஆரணியின் போர்வெல் தண்ணீர், குடத்தில் வெள்ளைப் பொருக்கு விடுகிற தண்ணீர். அதை அப்படியே ஊற்றினால் செடி வாடிவிடும் என்று மழைத்தண்ணீர் பிடித்துக் கலப்பான். செடிக்குக் காற்று பத்தாது என்று சின்ன சிலிண்டரில் கரியமில வாயு. ஞாயிறு தவறாமல் மூன்றில் ஒரு பங்குத் தண்ணீரை மாற்றி, வளைந்த கத்தரியால் செடியைக் கத்தரிப்பான். பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பார்த்து, "சோடா கம்பெனியாங்க?" என்று கேட்டார். அவரோடு பேச்சை அன்றோடு நிறுத்திக்கொண்டான்.

அந்தச் செடிகளுக்குள் சுண்டுவிரல் நகம் அளவில் சிவப்பு இறால்கள். சென்னை கொளத்தூரிலிருந்து பத்தே பத்து வாங்கிவந்தது, ஆறு வருஷத்தில் முந்நூறுக்கு மேல் பெருகியிருந்தது. வயிற்றுக்கடியில் முட்டையைச் சுமந்துகொண்டு பாசியை மேய்கிற தாய் இறாலைப் பார்த்தால், மனிதர்கள் யார்மேலும் வராத பாசம் அவனுக்குப் பொங்கிக்கொண்டு வரும். அதை அவன் யாரிடமும் மறைத்ததில்லை.

இந்த நிலைமையில்தான் மச்சான் சாப்பிட வந்தார்.

சிவப்பிரகாசம் தீபாவின் அண்ணன். கடைத்தெருவில் பட்டுக்கடை. மூன்று விரலில் மோதிரம், நாலாவது விரலுக்கும் பார்த்துக்கொண்டிருந்தார். 'சுத்த வெள்ளி ஜரிகை' என்று கடைப்பலகையில் தன் பெயரைவிடப் பெரிதாக எழுதிவைத்திருக்கிற ஆள். கறிக்குழம்பை மூக்கு முட்டச் சாப்பிட்டுவிட்டுத் தொட்டிக்கு முன்னால் வந்து நின்று ஏப்பம் விட்டார்.

"மாப்ள, இது நம்ம புதுக்கடையில இருந்தா எப்டி இருக்கும்! ஆவணியில தெறப்புவிழா. ஒரு மண்டலம் மட்டும் குடுங்க, நாப்பத்தெட்டாம் நாள் திருப்பிக் குடுத்துடறேன்."

பார்த்திபன் வாயிலிருந்த தண்ணீரை விழுங்குவதற்குள் தீபா, "எடுத்துகினு போண்ணா, இதுக்கெல்லாம் கேக்கணுமா?" என்று சொல்லிவிட்டாள். அண்ணன் என்றால் அவளுக்கு அப்படி. பார்த்திபன் நாற்பத்தெட்டு நாள்தானே என்று பல்லைக் கடித்துக்கொண்டான்.

இரண்டு நாள் லீவு போட்டு, செடிகளை ஈரச் செய்தித்தாளில் சுற்றி, இறால்களைக் கேனில் எடுத்துப்போய், கடை வாசலுக்கு நேரே தொட்டியை மறுபடி கட்டினான். மரக்கட்டையில் பெயர்ந்துபோன பாசியைக் கறுப்புத் தையல் நூலால் சுற்றிக் கட்டினான். கறுப்பு நூல் நிழலோடு நிழலாக மறைந்துவிடும். இரண்டு மாதத்தில் பாசி அதை மூடிவிடும்.

திறப்புவிழா அன்று தீபாவை அழைத்துக்கொண்டு போய்ச் சேர்ந்தால், கண்ணாடியில் சந்தனமும் குங்குமமும்! அதுகூடப் பரவாயில்லை. உள்ளே மரக்கட்டை முழுக்கத் தகதகவென்று தங்க நிறத்தில் என்னமோ மின்னியது. பார்த்திபன் குனிந்து பார்த்தான். ஜரிகை. இருபது, முப்பது சுற்று. கறுப்பு நூலை அறுத்தெறிந்துவிட்டு ஜரிகையால் கட்டியிருந்தார்கள்.

"நான் இல்லைங்க சார்" என்றாள் கடையில் சேலை எடுத்துப்போடுகிற மணிமேகலை, அவன் பார்த்த பார்வையிலேயே பயந்துபோய். "மொதலாளிதான் கட்டச் சொன்னாரு. கல்யாணப் பட்டு விக்கிற எடத்துல, மொத நாளும் அதுவுமா கறுப்பு நூலான்னு ஒரே சத்தம்."

சிவப்பிரகாசம் வாயெல்லாம் பல்லாக வந்து தோளில் கைபோட்டார். "முகூர்த்தச் சீலையில கறுப்பு இழை ஒண்ணு ஓடினாலே எவனும் வாங்க மாட்டான், மாப்ள. நீங்க டிசைன் போடறவரு, உங்களுக்கே தெரியாதா? இது சுத்த வெள்ளி, மேல தங்க முலாம். நம்ம சீலையில போற அதே ஜரிகைக் கண்டு. வெள்ளிச் சொம்புல தண்ணி குடிச்சா ஒடம்புக்கு நல்லதுன்றாங்க, மீனுக்கும் நல்லதுதான?"

பார்த்திபன் தலையில் அடித்துக்கொண்டான். வந்தவர்களிடமெல்லாம், "எங்க கடையில மீன் தொட்டிக்கே வெள்ளி ஜரிகைதாங்க" என்று மச்சான் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். பகட்டுக்காக வெள்ளியைத் தண்ணீரில் ஊறப்போடுகிற ஆள்தான் இவர், இவரைப் போய்த் திருத்துவானேன் என்று பார்த்திபன் அதை நம்பினான். வெள்ளி கறுத்துப்போகும், கறுத்தபின் தானே பிடுங்கியெறிவார் என்று விட்டுவிட்டான். மச்சானின் பகட்டை அளந்தவன் அவருடைய கஞ்சத்தனத்தை அளக்கவில்லை.

அன்று மாலையே அடுத்த இடி. முதல் நாளே மூன்று கல்யாணக் கூட்டம் வந்து சேலை எடுத்துவிட்டதாம்.

"தொட்டி கடைக்கு ராசியாய்ட்சி, மாப்ள. இனிமே இது இங்கதான். காலையில வந்து பாத்துக்கங்க. வூட்டுக்கு வேற ஒண்ணு வாங்கிக்கங்க."

கண்ணாடியின் மூலையில் கடைப் பெயரை ஸ்டிக்கராக வேறு ஒட்டியாகிவிட்டது. வீட்டில் பார்த்திபன் சாப்பிடவில்லை. கூடத்தில் தொட்டி இருந்த இடம் வெறிச்சென்று கிடந்தது. "அண்ணன் ஆசைப்படுது, இதப்போயி பெருசு பண்றீங்களே" என்றாள் தீபா. ஆறு வருஷம், ஒரு ஏப்பத்தோடு போயிற்று. அதை எப்படியாவது வீட்டுக்குத் திரும்பக் கொண்டுவந்துவிட வேண்டும், அவனுக்கு வேறு நினைப்பே இல்லை.

ஐந்தாம் நாள் காலை போனபோது, புல்தரை முழுக்க இறால்கள் வெளுத்துப்போய்ச் சோற்றுப் பருக்கை மாதிரி சிதறிக் கிடந்தன. முட்டையோடு இருந்த தாய்களும் கிடந்தன. மணிமேகலை டீ வடிகட்டியால் அள்ளி அள்ளி வாளியில் போட்டாள். பார்த்திபனுக்குக் கண் கலங்கிவிட்டது.

"எறாதான மாப்ள? மார்க்கெட்ல கெடைக்காததா?" என்றார் சிவப்பிரகாசம். "நீங்க ஊத்தற மருந்துதான் ஜாஸ்தியாய்ட்சி. பாருங்க, வியாபார நேரத்துல பேஜாரு. ஜல்தியா சுத்தம் பண்ணுங்க."

பார்த்திபன் ஆபீஸுக்கு லீவு சொன்னான். சட்டையைக் கழற்றி மாட்டிவிட்டு, பனியனோடு தோள் வரை கையை விட்டு ஒவ்வொரு செடியாகப் பார்த்தான். ஃபில்டர் சரியாக ஓடியது. வாயு சரி. எதனால் என்றுதான் பிடிபடவில்லை.

"இதுக்கு அடியுரம் போடுவீங்களா?"

திரும்பினான். வேட்டி கட்டிய ஒருவர், கண்ணாடிக்கு அருகில் குனிந்து நின்றார். தேவிகாபுரத்துப் பன்னீர்செல்வம், நெல் விவசாயி, மகள் இளமதிக்கு முகூர்த்தப் பட்டு எடுக்க வந்தவர். பெண்கள் மெத்தையில் உட்கார்ந்து சேலைகளைப் புரட்டிக்கொண்டிருந்தார்கள்.

"போடுவேங்க. மண்ணுக்கு அடியில" என்றான் பார்த்திபன், வேண்டாவெறுப்பாக.

"அடியெலையில ஓரம் மஞ்சளாவுது பாருங்க, ஊசி குத்தின மாதிரி ஓட்டையும் வுழுது. சாம்பல் சத்து கம்மியா கீது."

பார்த்திபன் கையை எடுத்துவிட்டு அந்த இலையைக் குனிந்து பார்த்தான். ஆறு வருஷத்தில் தொட்டியைப் பார்த்தவர்களெல்லாம் இறாலைப் பார்த்தார்கள். இலையைப் பார்த்த முதல் ஆள் இவர். அதுவும் சரியாகச் சொல்கிறார்! அந்த வாரம் பொட்டாஷ் போட மறந்துதான் போயிருந்தான். அறைவதற்கு வைத்திருந்த வரிசையில் இவருக்கு இடமில்லை.

"இன்னா எறா செத்துகினு கீது?" என்று வாளியை எட்டிப் பார்த்தார் பன்னீர்செல்வம். "மயில்துத்தம் ஏதாச்சும் கலந்துட்சா? எங்க ஊர்ல அத்த அடிச்ச தண்ணி வாய்க்கால்ல எறங்கிச்சின்னா நத்தை, எறா எல்லாம் இப்டித்தான் வெளுத்துப்போயி கெடக்கும்."

"அப்பா, இங்க வாங்களேன்" என்று இளமதி கூப்பிட, அவர் போய்விட்டார்.

மயில்துத்தம். அதாவது தாமிரம்.

பார்த்திபன் மெதுவாக மரக்கட்டைக்குத் திரும்பினான். பாசிக்கடியில் கையை விட்டு ஜரிகையைப் பிடித்து இழுத்தான். ஒரு முழம் வந்தது. முடிச்சுப் போட்ட இடமெல்லாம் பச்சை பூத்திருந்தது. கட்டைவிரல் நகத்தால் சுரண்டினான். மேலே இருந்த தங்க நிறம் தூளாக உதிர்ந்து, உள்ளே சிவப்பாகப் பல்லிளித்தது செப்புக் கம்பி. வெள்ளியாக இருந்தால் கறுத்திருக்கும். பச்சை பூக்குமா?

அடப்பாவி! பட்டுக்கு வெள்ளி என்று சொல்லிச் செம்பை விற்கிறவன், தன் பொய்யைத் தானே நம்பித் தண்ணீரில் போட்டு முந்நூறு உயிரைக் கொன்றிருக்கிறான்.

கல்லாவுக்குப் பின்னால் போய் மச்சானின் மூக்குக்கு நேரே கையை விரித்தான். "வெள்ளின்னீங்களே, மச்சான்."

சிவப்பிரகாசத்தின் முகம் சுருங்கிப்போனது. "மெதுவா, மாப்ள. கல்யாணப் பார்ட்டி குந்திகினு கீது."

"மெதுவாத்தான் சொல்றேன். சத்தமா சொல்லட்டுமா?"

அந்த ஒரு நிமிடம் பார்த்திபனுக்கு எவ்வளவு குளுகுளுவென்று இருந்தது! மோதிரக் கை கல்லாவை மூடுவதைப் பார்த்தான். மெத்தையைப் பார்த்தான், பலகையைப் பார்த்தான். கேட்டுவிட்டான்.

"நாளைக்கு தொட்டி எங்க வூட்டுல இருக்கணும்."

"நாளைக்கி இன்னாத்துக்கு? சாயங்காலமே நம்ம ஆளுங்களை வுட்டு எடுத்துகினு வந்து வெச்சிடறேன். போதுமா? கைய மூடுங்க மொதல்ல."

மூடினான். ஜெயித்தாகிவிட்டது. இவ்வளவு சுலபமா என்று அவனுக்குச் சிரிப்புகூட வந்தது.

"சார், நீங்க கொஞ்சம் வாங்களேன்!"

மெத்தையிலிருந்து பன்னீர்செல்வம்தான் கூப்பிட்டார். மடியில் அரக்குநிறப் பட்டு, கையகல ஜரிகைக் கரை.

"எனக்கு நெல்லு தெரியும், பட்டு தெரியாதுங்க. கடைக்காரரைக் கேட்டா அவரு சரக்க அவரே கொற சொல்லுவாரா? நீங்க பட்டுக்கு டிசைன் போடறவராமே, கடைப் பொண்ணு சொல்லிச்சி. நீங்க சொல்லுங்க. இது அசல் வெள்ளிதான?" பிறகு மகளிடம் திரும்பி, "செடிய இம்மாம் பதவிசா வளக்கறவரும்மா. பொய் சொல்ல மாட்டாரு" என்றார்.

பார்த்திபனின் மூடிய கைக்குள் ஈர ஜரிகை உறுத்தியது. சிவப்பிரகாசம் இந்தப் பக்கம் திரும்பவே இல்லை. தொட்டியையே பார்த்துக்கொண்டு நின்றார். அந்தத் தொட்டியின் சிவப்புத் தண்டுகள் காலை வெளிச்சத்தில் அசைந்துகொண்டிருந்தன.

"அசல்தாங்க" என்றான் பார்த்திபன்.

"அவ்ளோதான். கட்டச் சொல்லும்மா" என்றார் பன்னீர்செல்வம். இளமதி சேலையைத் தோளில் போட்டுக் கண்ணாடியில் பார்த்துச் சிரித்தாள். அவளுக்கு அது நன்றாகத்தான் இருந்தது.

சொன்னபடி அன்று சாயங்காலமே தொட்டி வீட்டுக்கு வந்துவிட்டது. பார்த்திபன் ஸ்டிக்கரைச் சுரண்டியெடுத்தான். குங்குமத்தைத் துடைத்தான். அடிமண்ணை மாற்றினான், தினமும் தண்ணீரை மாற்றினான். செம்பு எங்கெல்லாம் இறங்கியிருக்குமோ, மூன்று மாதத்துக்கு இறால் விடுவதற்கில்லை. பொட்டாஷ் போட்டதில் புது இலைகள் ஓட்டையில்லாமல் வந்தன. அதைப் பார்க்கும்போதெல்லாம் தேவிகாபுரத்துக்காரர் நினைவுக்கு வந்தார். பார்த்திபன் பார்வையைத் திருப்பிக்கொள்வான். ஊரில் யாரையும் திட்டவும் அந்த வாரம் அவனுக்கு வாய் வரவில்லை. தீபாவே, "இன்னாங்க, ஒடம்பு சரியில்லையா?" என்று கேட்டாள்.

அடுத்த ஞாயிறு மரக்கட்டையில் பாசியைக் கறுப்பு நூலால் கட்டிக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. கை ஈரமாக இருந்ததால் தீபா எடுத்து அவன் காதில் வைத்தாள்.

"மாப்ள, தேவிகாபுரத்துக்காரரு அவங்க பங்காளி வூட்டு ஆளுங்களை அனுப்பிச்சிருக்காரு. எட்டு சீலை எடுக்கறாங்களாம். செடிக்காரரு சொன்னா எடுங்க, இல்லன்னா வேணாம்னு சொல்லி அனுப்பிச்சாராம்!" சிவப்பிரகாசம் சிரித்தார். "நான் சொன்னா காது குத்தாதன்றாங்க. உங்க வாயில வந்தா நம்பறாங்க. ஜல்தி வாங்க. தொட்டி இன்னா, வேணும்னா இன்னொண்ணு வாங்கித் தர்றேன்."

"நான் எதுக்கு?" என்றான் பார்த்திபன்.

"எதுக்கா? அன்னிக்கி சொன்னது பொய்யின்னு இன்னிக்கி வந்து சொல்லப்போறீங்களா? வாங்க, வாங்க."

போன் நின்றது. பார்த்திபன் முடிச்சை இறுக்கி, நூலின் நுனியைக் கத்தரித்தான். துண்டில் கையைத் துடைத்துக்கொண்டு ஆணியிலிருந்த சட்டையை எடுத்தான்.

"எங்க கெளம்பிட்டீங்க?" என்றாள் தீபா.

"உங்க அண்ணன் கடைக்கு."

"எங்க அண்ணனைக் கண்டாலே உங்களுக்கு ஆவாதே!"

பார்த்திபன் பொத்தானைப் போட்டுக்கொண்டிருந்தான்.