வரிசையில் யாருமே இல்லாவிட்டால்

1

ஒப்புக்கொள்கிறேன்: இந்தக் கதை நான் யோசித்தது இல்லை. ரத்தப் பரிசோதனைக்குப் போன இடத்தில், என் கையில் ஊசியைக் குத்திக்கொண்டே அந்தப் பெண் சொன்னது. எழுந்து ஓடவும் முடியாது, பாருங்கள்.

2

'ஞாயிறு காலை, கணினித் திரையின் வெளிச்சத்தில் அவள் முகம்...' சீ, வேண்டாம். எல்லாக் கணினிக் கதையும் இப்படித்தான் தொடங்குகிறது.

நேராகவே சொல்கிறேன். ஞாயிறுதோறும் நாற்பத்தொரு பேர் இணையத்தில் கூடி, புரோகிராம் எழுதிப் போட்டி போடுவார்கள். ஊசி குத்திய இவளும் ஒருத்தி, வேறு ஊரில் இருக்கும் இவள் அக்காவும் ஒருத்தி. ஒன்பது மாதமாக அக்காதான் முன்னால். தோற்பதைக்கூட இவள் பொறுத்துக்கொள்வாள். முடிந்ததும் அக்கா போன் பண்ணி, "பரவாயில்லடி, நல்லாத்தான் எழுதியிருக்க" என்பாளே, அதுதான் பற்றிக்கொண்டு வரும். ஒரே ஒருமுறை அவளை முந்திவிட வேண்டும். ஒரே ஒருமுறை!

(அக்காவைக் கெட்டவளாக்கி எழுதிப் பார்த்தேன். கதை நகரவே மாட்டேன் என்றது.)

3

அன்றைய புதிர்: ஒரு வரிசையில் அதிக நேரம் காத்திருந்தவர் யார்? அக்கா முதலிடம், இவள் இரண்டாமிடம். கடைசிப் பத்து நிமிடம் யாரும் தன் புரோகிராமைத் தொடக்கூடாது. ஆனால் அடுத்தவருடையதைப் படித்து, அது பதில் சொல்லத் திணறிக் கவிழும்படி ஒரு கேள்வியை அனுப்பலாம்.* கவிழ்ந்தவருக்குப் பூஜ்யம், கவிழ்த்தவருக்கு ஐந்து புள்ளி. அதே கேள்வி பிறகு எல்லோருடைய புரோகிராமுக்கும் போகும்.

அக்காவுடையதைப் படித்தாள். வரிசையில் யாருமே இல்லாவிட்டால்? அக்கா அதை யோசிக்கவே இல்லை! துள்ளிக் குதித்தாள். பிறகு தன்னுடையதைப் பார்த்தாள். தானும் யோசிக்கவில்லை. இரண்டு பேரும் படித்தது ஒரே புத்தகம்.

* சண்டை இல்லை. கவிழ்த்தவருக்கு அங்கே கைதட்டல்தான்.

4

முடிவு ஒன்று: அனுப்பாமல் விட்டாள், அக்காவின் வெற்றியை மனதார... (பொய். என் நரம்பு கிடைக்கும்வரை மூன்று முறை குத்தியவள் அவள். விடுகிற ஆளா?)

நடந்தது: அனுப்பினாள். இரண்டு புரோகிராமும் படுத்துவிட்டன. மற்ற முப்பத்தொன்பது பேரும் தப்பித்தார்கள். போன் அடித்தது.

"அடிப்பாவி! உன்னோடதும் விழும்னு தெரிஞ்சேவா அனுப்பின?"

"தெரிஞ்சேதான்."

"லூசு! ரெண்டு பேரும் கடைசிக்குப் போயிட்டோமே!"

"நீதான் கடைசி. எனக்கு அஞ்சு புள்ளி இருக்கு, நான் நாப்பதாவது. அக்கா, உன்னை முந்திட்டேன்!"

5

அதற்கு அக்கா சொன்ன பதிலையும் அவள் சொல்லத்தான் செய்தாள். ஆனால் அடக்கமாட்டாமல் சிரித்துக்கொண்டே சொன்னதில் எனக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை. அக்காவோ தங்கையோ இருப்பவர்கள் நீங்களே எழுதிக்கொள்ளுங்கள், இடம் விட்டிருக்கிறேன்.

"......................................"