மேலாளருக்குக் கிடைத்த பேய் வேலை

தண்ணீர் பம்பு கம்பெனியின் மேலாளர், செத்துப்போன அடுத்த மாதமே பேய்வீட்டில் வேலைக்குச் சேர்ந்தார். செத்தவர் வேலைக்குச் சேர்ந்ததில் யாருக்கும் ஆச்சரியமில்லை. அந்த மனிதரைப் போய் ஒருவர் வேலைக்கு எடுத்தாரே என்பதுதான் ஆச்சரியம். முதலில் அவர் தன் வீட்டுக்குத்தான் போயிருக்கிறார். மனைவி கதவைத் திறந்து பார்த்தாள், அறையை வாடகைக்கு விட்டாயிற்று என்றாள், மரியாதைக்கு ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்தாள். குடித்த தண்ணீர் அப்படியே கால் வழியாகத் தரையில் ஒழுகியது. துடைத்துவிட்டுப் போகச் சொல்லி பழைய துணி ஒன்றை எடுத்துப் போட்டாள். அங்கிருந்து அலுவலகத்துக்கு வந்தால், வாட்ச்மேன் உள்ளே விடவில்லை. கடைசியில், கடைகளுக்குப் பெயர்ப்பலகை எழுதி நொடித்துப்போய், ஒரு கட்டடத்தின் மாடியில் காசு வாங்கிக்கொண்டு ஆட்களைப் பயமுறுத்தும் பேய்வீடு நடத்திக்கொண்டிருந்த ஆசாமி, ‘நிஜப் பேய் உண்டு’ என்று போர்டில் எழுதிக்கொள்ளலாமே என்று அவரை எடுத்துக்கொண்டார்.

உயிரோடு இருந்தபோது அலுவலகம் அவருக்கு வைத்திருந்த பெயர் இடி. அவர் கத்தினால் மின்விசிறி நின்றுவிடும். நாலு மேசை தள்ளி இருக்கும் டீயில் ஆடை படியும். எலெக்ட்ரீஷியன் வந்து பார்த்து, விசிறியில் கோளாறு இல்லை, மேலாளரிடம்தான் கோளாறு என்று தாழ்ந்த குரலில் சொல்லிவிட்டுப் போனான். இந்த இடியை அதிகம் வாங்கிக் கட்டிக்கொண்டவள் புகார்ப் பிரிவுக்காரி. ஓடாத பம்பு, ஒழுகுகிற பம்பு, ஷாக் அடிக்கிற பம்பு என்று ஊரிலுள்ளவர்களின் எரிச்சலை எல்லாம் நாள் முழுக்கப் போனில் கேட்டு, ஒரே குரலில் பதில் சொல்வதுதான் அவள் வேலை. ஒருநாள் அவளை அறைக்குள் நிறுத்தி வைத்து இடி கத்திக்கொண்டிருந்தபோது, வெளியே அவள் மேசைமேல் கைபேசி அடித்தது, ஓய்ந்தது, மறுபடி அடித்தது. ஆஸ்பத்திரியில் இருந்த அப்பா, தானே எண்ணைப் போட்டுக் கூப்பிட்டிருக்கிறார். போய்ப் பேசிவிட்டு வரட்டுமா என்று கேட்டதற்கு அவளுக்குக் கூடுதலாகக் கொஞ்சம் இடி கிடைத்தது. அவள் திருப்பிக் கூப்பிட்டபோது எடுத்தது நர்ஸ். அப்பா என்ன சொல்ல நினைத்தார் என்பது யாருக்கும் தெரியாமலே போயிற்று. காரியமெல்லாம் முடிந்து வேலைக்குத் திரும்பியவளிடம், விடுப்புக்கு ஏன் முன்னதாகச் சொல்லவில்லை என்று இடி விளக்கம் கேட்டார்.

பேய்வீட்டுக்குப் போகலாம் என்றது ஸ்டோர் அக்கா. சரக்கு அறையைப் பார்த்துக்கொள்பவள். வாரக் கடைசியில் வீட்டில் இருந்தால் மாமியார் முகத்தைப் பார்க்க வேண்டும் என்பதால் எங்கே வேண்டுமானாலும் கிளம்புவாள். கம்பெனி வேன் ஓட்டும் டிரைவர் அண்ணனும் சேர்ந்துகொண்டார். இடி அங்கே இருக்கிறார் என்று கேள்விப்பட்டுத்தான் மூன்று பேரும் போனார்கள், ஆனால் ஒருவரும் அதை வாய்விட்டுச் சொல்லவில்லை. கருப்புத் துணி தொங்கவிட்ட அட்டைச் சுவர்கள். துணிக்கடை பொம்மைக்குத் தலைமுடியை ஒட்டி, வாயில் சிவப்புப் பெயிண்ட் பூசி, அதற்கு ரத்தக்காட்டேரி என்று பெயர் வைத்திருந்தார்கள். கயிற்றில் இழுத்த எலும்புக்கூடு பாதி வழியில் சிக்கிக்கொள்ள, உள்ளேயிருந்து ஒரு கை வந்து அதைத் தள்ளிவிட்டது. இதற்குக் காசு கொடுத்து வந்து, முன்னால் போன ஒரு ஜோடி ஒருவரையொருவர் கட்டிக்கொண்டு அலறியது. இப்படியும் சில பிறவிகள் என்று புகார்ப் பிரிவுக்காரி நினைத்துக்கொண்டாள்.

மூன்றாவது அறையில் அவர் நின்றிருந்தார். மேலே வெள்ளைப் போர்வை. கீழே அதே அலுவலகப் பேன்ட், பளபளவென்று பாலிஷ் போட்ட ஷூ. கைகளை விரித்து ஒரு கத்துக் கத்தினார். தலைக்கு மேல் விசிறி அதுபாட்டுக்குச் சுற்றியது. டிரைவர் அண்ணன் சிரிப்பை அடக்க முடியாமல் இருமினார். ஸ்டோர் அக்கா மட்டும் பழக்க தோஷத்தில் வணக்கம் வைத்து, உடம்பு எப்படி இருக்கிறது என்று விசாரித்துவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள். அப்போதுதான் அவர் ஆட்களை அடையாளம் கண்டார். போர்வையை முகத்திலிருந்து விலக்கிக்கொண்டு நேரே புகார்ப் பிரிவுக்காரியிடம் வந்தார்.

“யாருமே பயப்பட மாட்டேங்கறாங்கம்மா. நேத்து ஒரு பொடியன் பாத்ரூம் எங்க இருக்குன்னு கேட்டுட்டுப் போறான். இன்னிக்கும் யாரும் கத்தலைன்னா வேலை இல்லைன்னு முதலாளி சொல்லிட்டார். வேற எங்கயும் என்னைச் சேத்துக்க மாட்டாங்க. ஒரே ஒரு தடவை கத்திட்டுப் போம்மா.”

அத்தனை வருடத்தில் அவர் அவளை அம்மா போட்டுக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. டிரைவர் அண்ணனுக்கு மனசு இளகிவிட்டது. கத்திவிட்டுத்தான் போவோமே என்று மூச்சைக்கூட இழுத்துவிட்டார். அவள் அண்ணன் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

“எங்கப்பா செத்த அன்னிக்கு என்னை எதுக்குத் திட்டிட்டு இருந்தீங்க, ஞாபகம் இருக்கா சார்?”

அவர் யோசித்தார். நேர்மையாகத்தான் யோசித்தார், அதை அவளால் பார்க்க முடிந்தது. எத்தனையோ பேரை எத்தனையோ நாள் திட்டியிருக்கிறேன் என்றார். ஏதாவது எழுத்துப் பிழையாக இருக்குமோ என்று அவளையே கேட்டார். பிறகு ஷூவைப் பார்த்துக்கொண்டு, “ஞாபகம் இல்லம்மா,” என்றார்.

ஞாபகம் இருக்கிறது என்று சொல்லியிருந்தால் அவள் கத்தியிருக்கக்கூடும். இத்தனை காலம் நெஞ்சில் கல்லாகச் சுமந்துகொண்டு திரிந்தது, இவருக்கு ஒரு தும்மல் அளவுக்குக்கூட இல்லை. இந்த ஆளுக்கா இத்தனை நாள் பயந்தோம் என்று அவளுக்குத் தன்மேலேயே வெட்கமாக இருந்தது. “அப்ப நாங்க வர்றோம் சார்,” என்று சொல்லி, நடைபாதையில் கிடக்கும் குப்பையைச் சுற்றிக்கொண்டு போவதுபோல அவரைச் சுற்றிக்கொண்டு அடுத்த அறைக்குப் போனாள். வெளியே ஜூஸ் குடிக்கும்போது, ஒரு கத்துக் கத்தியிருக்கலாமே, பாவம் என்று ஸ்டோர் அக்கா முனகினாள். பாவம்தான் என்று புகார்ப் பிரிவுக்காரி ஒப்புக்கொண்டு, ஸ்ட்ராவை அடிவரை உறிஞ்சினாள். திரும்பும் வழியில் வேன் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தவளுக்கு, அப்பா ஒருவேளை இன்னொரு தலையணை கொண்டுவரச் சொல்லத்தான் கூப்பிட்டிருப்பார் என்று முதன்முறையாகத் தோன்றியது. கழுத்து வலி உள்ள மனிதர். அதன் பிறகு அவள் அந்தப் போனைப் பற்றி நினைப்பது குறைந்தது.

இடியை வேலையிலிருந்து எடுத்துவிட்டார்கள். எடுத்தாலும் போக்கிடம் இல்லாததால் கட்டடத்திலேயே மாடிக்கும் கீழுக்குமாகத் திரிந்தார். பேய்வீடும் கொஞ்ச காலத்தில் படுத்துவிட்டது. கட்டடத்தை வாங்கிய துணிக்கடைக்காரர் கட்டடத்தோடு அவரையும் ஏற்றுக்கொண்டு லிப்டில் நிறுத்தினார். சம்பளம் கேட்காத ஆள். சாப்பாட்டுக்குப் போகாத ஆள். அவர் பக்கத்தில் எப்போதும் சில்லென்று இருந்ததால் லிப்டுக்குத் தனியாக ஏசி வைக்கவில்லை. வெயில் நாட்களில் துணி எடுக்காதவர்கள்கூட ஏறி ஒரு சுற்றுப் போய்வந்தார்கள். புகார்ப் பிரிவுக்காரி கல்யாணமாகிப் புது வீட்டுக்குக் குடிபோனபோது திரைச்சீலை வாங்க அங்கே போனாள். மூணாவது மாடி என்றாள். அவர் பொத்தானை அழுத்தினார். அவளுக்குப் பிடித்த நிறம் வந்திருக்கவில்லை. அடுத்த வாரம் வரும் என்றார்கள். இறங்கும்போது லிப்டில் கூட்டமாக இருந்ததால் படி வழியாகவே இறங்கிவிட்டாள்.