ரெண்டாவது தபா

ஐஸ் பெட்டியின் ஒயர் எட்டவில்லை. ஜெகன் ஷோகேஸுக்குப் பின்னால் கையை விட்டு ரிக்கார்டு பிளேயரின் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, அங்கே இதைச் செருகினான். பெட்டி ஒருமுறை உதறிக்கொண்டு உறும ஆரம்பித்தது. கண்ணாடிக்கு அடியில் அவனுடைய அப்பா எத்திராஜ் தாடைக்கட்டுடன் கிடந்தார். மூக்கிலும் காதிலும் பஞ்சு.

காலையில் பாத்ரூமுக்குப் போனவர் அதன் வாசலிலேயே உட்கார்ந்து சுவரில் சாய்ந்துவிட்டார். ஜெகன் அப்போது ஹெட்போனை மாட்டிக்கொண்டு கம்ப்யூட்டர் முன்னால் இருந்தான். அம்மா முத்தம்மாள் வந்து தோளைப் பிடித்து இழுத்த பிறகுதான் திரும்பிப் பார்த்தான்.

பந்தலுக்குக் கீழே தினகரன் ஸ்பீக்கர் பெட்டிகளை இறக்கினான். எத்திராஜிடம் தொழில் கற்று, இப்போது சேக்காட்டில் சொந்தமாக சவுண்டு சர்வீஸ் வைத்திருப்பவன்.

"மச்சான், பாட்டு எதுனா கீதா? நான் பாட்டுக்கு கானாவ போட்டுட்டா பெர்சு எந்திரிச்சி வந்து ஒதைக்கும்."

ஜெகன் பென் டிரைவை எடுத்துக் கொடுத்தான். "நைனா செலக்ட் பண்ணது மட்டும்தான் இதுல கீது."

கால் சென்டரில் ராத்திரி ஷிப்டை விட்டு நின்ற பிறகு அவன் செய்த ஒரே வேலை அதுதான். பரணில் அப்பாவின் ரிக்கார்டுகள் அட்டை உளுத்துக் கிடந்தன. ஒவ்வொன்றையும் துடைத்து இரண்டு விதமாகக் கம்ப்யூட்டரில் ஏற்றினான். ஒன்று, அப்பா கல்யாண வீடுகளுக்குக் கொண்டுபோன பழைய பிளேயரில். பெல்ட்டும் ஊசியும் புதிதாகப் போட்டிருந்தான். இன்னொன்று, ஆன்லைனில் வாங்கிய சூட்கேஸ் பிளேயரில். அதில் மோட்டார் இரையும், பாடுகிறவரின் குரல் குழையும். பழைய பிளேயரில் தபேலாக்காரரின் விரல்கூடத் தெரியும். அப்படித்தான் ஜெகனின் காதுக்குக் கேட்டது. ஆனால் அவன் காதை அவனே நம்பவில்லை. வாழ்நாள் முழுக்க சவுண்டில் கிடந்தவர் வீட்டிலேயே இருக்கிறார். அவர் சொல்லட்டும்.

தினமும் அவரை நாற்காலியில் உட்கார வைத்து இரண்டையும் போட்டுக் காட்டினான். சத்தம் கூடினால் எதுவும் நல்லதாகத்தான் கேட்கும் என்று இரண்டையும் ஒரே அளவுக்குக் கொண்டுவந்தான். எது எந்த பிளேயர் என்று தெரியக்கூடாது என்பதற்காக வரிசையை மாற்றி மாற்றிப் போட்டான். கடைசியில் அவர் "இதான்டா" என்பார். அதற்குமேல் ஒரு வார்த்தை பேசமாட்டார். அவர் கழித்ததை ஜெகன் அழித்துவிடுவான். வேலை முடிந்த ரிக்கார்டுகளைப் பழைய சாமான் எடுக்கிறவன் மூட்டையாகக் கட்டிக்கொண்டு போனான்.

சில நாள் அவர் சூட்கேஸ் பிளேயரின் இரைச்சலையே தேர்ந்தெடுத்தார். ஜெகனுக்கு முதலில் குழப்பமாக இருந்தது. தனக்குக் கேட்காதது ஏதோ அவருக்குக் கேட்கிறது என்று முடிவு செய்துகொண்டான்.

பந்தலில் முதல் பாட்டு ஆரம்பித்தது. குரல் ஏறி இறங்கித் தள்ளாடியது. தினகரன் உள்ளே எட்டிப் பார்த்தான்.

"இன்னா மச்சான், பாடுறவரு சரக்கு போட்டுகினு பாடுற மாதிரி கீது?"

"நைனா செலக்சன். அப்டியே ஓடட்டும்."

"பெர்சா? காது செத்த ஆளுகிட்ட போய் பாட்டு செலக்ட் பண்ண சொன்னியா?" சிரிக்கப்போனவன் ஜெகனின் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டான். "ஒனக்குத் தெரியும்னு நெனச்சேன்" என்று சொல்லிவிட்டு வெளியே போய்விட்டான்.

முத்தம்மாள் பெட்டியின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தாள். ஜெகன் பக்கத்தில் போய் உட்கார்ந்தான்.

"இன்னாம்மா சொல்றான் அவன்?"

அவள் கண்ணாடியில் படிந்த ஈரத்தை முந்தானையால் துடைத்தாள். "கொஞ்சம் கேட்டுகினுதான் இருந்துது. தீவாளிக்கு அப்பால அதுவும் பூட்ச்சி. தோள தொட்டுத்தான சோறு துன்ன கூப்புடுவேன். நீ பாத்ததில்ல?"

பார்த்திருக்கிறான். வயசான காலத்துக் கொஞ்சல் என்று நினைத்திருந்தான்.

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"சொல்லாதன்னாரு."

"ஏன்?"

"வேலய உட்டுட்டு செவுத்த பாத்துகினே படுத்துகினு கெடந்த. குளிக்கல, துன்னல. இதுக்குன்னாதான் எந்திரிக்கிறான், நான் குந்திட்டு போறேன், இன்னா இப்போன்னாரு."

வெளியே ஏதோ பாட்டு முடிந்தது. யாரோ நாற்காலிகளை இழுத்துப் போட்டார்கள்.

"அப்போ இதான் இதான்னு எப்டிம்மா சொன்னாரு?"

"மொத தபா போட்டுட்டு நீ கம்ப்யூட்டர பாத்துகினு இருப்ப. ரெண்டாவது தபா முடிஞ்சாதான் அவரு மூஞ்சிய பாப்ப. நீ பாத்தா சொல்லிடுவாரு."

ஜெகன் கணக்குப் போட்டுப் பார்த்தான். நல்லதை முதலில் போட்ட நாளெல்லாம் நல்லது போய்விட்டது. திரும்ப ஏற்ற ரிக்கார்டும் இல்லை.

அவள் இன்னும் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள். அவனுக்கு ஐஸ் பெட்டியின் உறுமல் மட்டும்தான் கேட்டது.

யாரோ தோளைத் தொட்டார்கள். தினகரன்.

"எத்தினி தபா கூப்புடறது? கடைசில ஒரே பாட்டு ரெண்டு கீதே. ரெண்டையும் போட்டுட்டேன். பெர்ச தூக்கசொல்ல எத போடட்டும்?"

நேற்று மாலை ஏற்றியது அது; ஒன்றைக் கழிக்காமலே பென் டிரைவில் போய்விட்டிருந்தது. இன்றைக்கு அப்பாவை உட்கார வைத்துக் கேட்க வேண்டியது. இரண்டில் ஒன்றுகூட ஜெகனின் காதில் விழவில்லை. தினகரன் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"இதான்" என்றான் ஜெகன்.

"கரீட்டு, ரெண்டாவதுதான்" என்று தினகரன் போய் வால்யூமைத் திருகினான். கண்ணாடி மேல் கிடந்த சாமந்திப்பூக்கள் நடுங்கிக்கொண்டே கொஞ்சம் கொஞ்சமாக ஓரத்துக்கு நகர்ந்தன.